சோணைமுத்து மாஸ்டரின் ராசி

தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிருவமா? வெயிலுக்காக இல்ல. நாலு மணிக்கு எனக்கு ஒரு போன் வரும். படம் தெரியுற போன். அது வந்துச்சுன்னா நான் லேசா சத்தம் போடுவேன். லேசான்னா, டிரைவர் திரும்பிப் பார்ப்பாரு, அம்புட்டுதான். முன்னாடியே சொல்லி வச்சிட்டேன். பாதியில நீங்க பயந்துபோயி பின் சீட்டுக்கு எந்திரிச்சுப் போனா எனக்குத்தான் சங்கடம்.

கோயம்புத்தூரா? நானும் அங்கதான். மக வீட்டுல சின்னப் பேரனுக்கு நாளைக்குக் காதுகுத்து. அதுக்காக இன்னைக்கு மூணு மணி பஸ்ஸுக்கே ஆரப்பாளையத்துல வந்து நிக்கணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல. ராத்திரி பஸ்ஸுல ஏறுனாலே விடியிறதுக்குள்ள போயிருவேன். ஆனா ஏத்தி விட்டாய்ங்க. டிக்கெட் எடுத்து, நல்ல சீட்டாப் பார்த்து, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்து, பஸ்ஸு கிளம்பிப் பாலம் தாண்டுற வரைக்கும் நின்னு கையாட்டுனாய்ங்க. திரும்பி வந்துருவேனோன்னு பயம். யாருன்னு கேக்குறீங்களா? என் டீம் பயலுகதான். பேரனுக்கு நாளைக்குத்தான் காதுகுத்து. எனக்கு முந்தாநாளே குத்திட்டாய்ங்க.

என் பேரு சோணைமுத்து. பி.டி. மாஸ்டர், ஃபுட்பால் கோச்சு. இருபத்தி நாலு வருஷம் ஸ்கூல்ல, ரிட்டயர் ஆனப்புறம் ஏழு வருஷமா ஒரு காலேஜுல. பேரு வேண்டாம், பெரிய காலேஜு, பெரிய மனுஷங்க. ஸ்கூல்லயும் எனக்குக் குறைச்சல் இல்லாத மரியாதை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரு வாங்கிக்கிருவாரு, மிச்சம் இருந்தா அறிவியல் டீச்சரு. மழை பெய்ஞ்சா மட்டும் எனக்கே விட்டுருவாய்ங்க.

மூத்த பேரன் போன லீவுல போன்ல ஒரு படம் காட்டுனான் தம்பி. அமெரிக்காவுல ஒரு காலேஜ் ஃபுட்பால் கோச்சு. அவய்ங்க ஃபுட்பாலே வேற. பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுறாய்ங்க, காலுக்கு வேலையே இல்ல, ஆனா பேரு ஃபுட்பால். சரி, அவய்ங்க காலு, அவய்ங்க பந்து. அந்தக் கோச்சுக்கு என் வயசுதான் இருக்கும். தொப்பை என்னைய விட ஒரு சுத்து கூட. முதல்ல ஸ்கூலு, அப்புறம் காலேஜு, என்னைய மாதிரியேதான் படிப்படியா வந்திருக்கான். மேட்ச் ஜெயிச்சா பயலுக ஒரு டிரம் ஐஸ் தண்ணியைத் தூக்கியாந்து பின்னாடி நின்னு அவன் தலையில கவுத்துறாய்ங்க. அதுதான் அங்க மரியாதையாம். கிரவுண்டு வாசல்ல சிலை வேற வச்சிருக்காய்ங்க. நான் அதை என் பயலுககிட்டயும் காட்டுனேன். டேய், சிலை எல்லாம் வேண்டாம், கப்பு ஜெயிச்சா என் தலையில ஒரு கேன் தண்ணி ஊத்துங்கடா, போதும்னேன். எனக்கும் தண்ணிதான் கிடைச்சுச்சு. தெளிச்சு விட்டுட்டாய்ங்க.

அந்தாளு வாய்க்கிட்ட ஒரு மைக்கு மாட்டியிருந்தான் பாருங்க. கோச்சு பேசணும், அம்புட்டுப் பேரும் கேக்கணும்னு காலேஜே மாட்டி விட்டிருக்கு. எனக்கு அதெல்லாம் தேவையில்ல. ஆண்டவன் எனக்குத் தொண்டையிலேயே வச்சு அனுப்பிட்டான்.

கோச்சிங்னா என்னன்னு நினைக்கிறீங்க? சொல்றது. சொல்லிக்கிட்டே இருக்கிறது. பயலுகளுக்குக் காலு இருக்கு, மூளை கோட்டுக்கு வெளிய நிக்குது. விசில் ஊதுனதுல இருந்து நான் வாயை மூட மாட்டேன். 'இடது, இடதுடா! குடு! குடுக்காத! ஏன்டா குடுத்த!' மூச்சு வாங்க மாட்டேன். சுத்திக் கிரவுண்டுல இருக்கிற காக்கா எல்லாம் எந்திரிச்சிரும். எதிர் டீம் பயலுக கூட என் பேச்சைத் தட்ட மாட்டாய்ங்க தம்பி. நான் 'வலது பக்கம் அடிடா'ன்னு சொன்னா, என் பையன் அடிக்கிறதுக்கு முன்னாடியே அவய்ங்க ரெண்டு பேரு வலது பக்கம் ஓடிவந்து நிப்பாய்ங்க. அம்புட்டு மரியாதை எனக்கு.

இப்படி முப்பத்தோரு வருஷம். எத்தனை கப்புன்னு கேளுங்க. கேளுங்க, கூச்சப்படாதீங்க. ரெண்டு. சிரிக்காதீங்க, ரெண்டுன்னா ரெண்டுதான். அந்த ரெண்டையும் ஜெயிக்கிறப்ப நான் பார்க்கல. ஒண்ணைக் கூட இந்தக் கண்ணால பார்க்கல. அதுதான் தம்பி எனக்கு வயித்தெரிச்சல். சம்பளம், பேரு, சிலை, ஒண்ணும் வேண்டாம். விசில் ஊதி, என் பயலுக கப்பைத் தூக்குறதை ஒருவாட்டி பார்த்துட்டாப் போதும்.

முதல் கப்பு தொண்ணூத்தி ஏழுல. மாவட்ட ஃபைனல். ரெண்டு நாளைக்கு முன்னாடி எனக்கு அம்மை போட்டிருச்சு. நாப்பது வயசை எட்டுற கோச்சுக்கு அம்மை, எப்படி இருக்கும் பாருங்க. வேப்பிலைப் படுக்கையில கிடக்கேன். வீட்டுக்காரி கம்பைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறா, நான் எந்திரிச்சு ஓடிருவேன்னு. சாயங்காலம் தெருவுல ஒரே கூச்சல். பயலுக கப்போட வந்துட்டாய்ங்க. அம்மை போட்ட வீடு, உள்ள வரக்கூடாதுல்ல? தெருவுல நின்னே கப்பைத் தூக்கிக் காட்டியிருக்காய்ங்க. வீட்டுக்காரி பார்த்தா. பக்கத்து வீட்டுக்காரய்ங்க பார்த்தாய்ங்க. தெரு நாயி கூடப் பார்த்துச்சு. நான் விட்டத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்.

அப்ப மொக்கராசுன்னு ஒரு பையன் கோல்கீப்பர். பத்தாவது படிச்சான். அவன் ஜன்னல் கிட்ட வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'சார், இன்னைக்குக் கிரவுண்டுல ஒருத்தன் கூப்பிடுறது இன்னொருத்தனுக்குக் கேட்டுச்சு சார்.' ஃபைனல் ஜெயிச்சதுக்குக் காரணம் கேட்டா காது மூக்கு தொண்டை டாக்டர் மாதிரிப் பேசுறான். நான் மூணு மாசமா சொல்லிக் குடுத்ததைச் சொல்லுவான்னு பார்த்தா, காது கேட்டுச்சாம். அடப் போடான்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

ரெண்டாவது கப்பு இன்னும் அநியாயம். மண்டல ஃபைனல். இந்தவாட்டி எனக்கு ஒரு நோயும் இல்ல, கல்லு மாதிரி நிக்கிறேன். ஆஃப் டைம்ல ரெண்டுக்கு சைபர், நாங்கதான் சைபர். நான் விடாம சொல்லிக்கிட்டே இருக்கேன், பயலுக என்னையப் பார்க்குறாய்ங்க, பந்தைப் பார்க்குறாய்ங்க, திரும்ப என்னையப் பார்க்குறாய்ங்க, அதுக்குள்ள பந்து போயிருது. ரெஃப்ரி ஒருத்தன் வந்தான், ஒல்லிப் பய, அவனை விட அவன் விசிலுக்கு எடை கூட. 'சார், உங்க சத்தத்துல என் விசிலே எனக்குக் கேக்கல'ன்னான். கேக்கலைன்னா காதைக் கழுவுடான்னு சொன்னேன். அது ஒரு குத்தமா? சிவப்பு அட்டையைத் தூக்கிட்டான். கோச்சுக்கு! கிரவுண்டுக்குள்ளயே நிக்கக்கூடாதுன்னுட்டான். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் டீக்கடையில போயி உக்காந்தேன். டீயை வாயில வைக்கல, உள்ள கத்துறாய்ங்க. ஒரு கோலு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. மூணுக்கு ரெண்டு. சுவரு எட்டடி உசரம் தம்பி, நான் அஞ்சேகால் அடி.

எதனால ஜெயிச்சாய்ங்கன்னு நினைக்கிறீங்க? ரோஷம். மாஸ்டரை வெளிய அனுப்பிட்டான்னு பயலுகளுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்திருச்சு. இல்லைன்னா நாப்பது நிமிஷத்துல மூணு கோலு எப்படி விழும், நீங்களே சொல்லுங்க. ஆனா ஊருல என்ன பேசுனாய்ங்க? 'சோணைமுத்து மாஸ்டருக்கு ராசி இல்ல. அவரு இருந்தா தோக்குது, அவரு இல்லைன்னா ஜெயிக்குது.' ராசியாம்! முதல்ல அதைச் சொன்னதே இந்த மொக்கராசுப் பயதான். அப்ப அவன் காலேஜு முடிச்சிட்டு எனக்கு ஒத்தாசையா வந்துக்கிட்டு இருந்தான். 'ஏன்டா நான் இருந்தாத் தோக்குறீங்க'ன்னு கேட்டேன். கால் கட்டை விரலால மண்ணைக் கீறுனான். அப்புறம் 'ராசி சார், வேற ஒண்ணுமில்ல'ன்னான். அதைப் பிடிச்சுக்கிட்டாய்ங்க எல்லாரும்.

காலேஜுக்கு வந்தா அங்க பிரின்சிபால், பிசிக்ஸ்ல டாக்டர் பட்டம். சுவத்துல விஞ்ஞானிக படம் வரிசையா மாட்டியிருப்பாரு, மேசை டிராயரைத் திறந்தா எலுமிச்சம்பழம். 'மாஸ்டர், உங்க திறமையில எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ராசின்னு ஒண்ணு இருக்கு பாருங்க'ன்னாரு. நியூட்டன் தலையில ஆப்பிள் விழுந்ததும் ராசிதானா சார்னு கேட்டேன். மனுஷன் யோசிக்கிறாரு!

சரி, இந்த வருஷக் கதைக்கு வாரேன். காலேஜுகளுக்குள்ள போட்டி, தட்டுத் தடுமாறி அரையிறுதிக்கு வந்துட்டோம். அதுக்கு முந்துன மேட்ச்ல நான் போட்ட சத்தத்துல தொண்டை கட்டிக்கிருச்சு. கட்டிக்கிருச்சுன்னா சுத்தம். வாயைத் திறந்தா காத்துதான் வருது. ஆனா நான் விடுவனா? போயிக் கோட்டுல நின்னேன். தொண்ணூறு நிமிஷமும் நின்னேன். பேச முடியல, கழுத்துல வேற துண்டைச் சுத்தி விட்டிருந்தா வீட்டுக்காரி, சும்மா நின்னேன். நாலுக்கு ஒண்ணு ஜெயிச்சாய்ங்க தம்பி! நாலுக்கு ஒண்ணு! இப்ப சொல்லுங்க. நான் அங்கதான நின்னேன்? என் கண்ணு முன்னாடிதான ஜெயிச்சாய்ங்க? அப்ப எங்க போச்சு ராசி? பிரின்சிபாலுக்கு மூஞ்சியே இல்ல. நான் ஒரு பேப்பர்ல பெருசா எழுதி அவரு மேசையில வச்சேன், 'ராசி எங்கே?'

அன்னைக்கு ராத்திரி மிளகுப் பாலு, மறுநாள் சித்தரத்தை. ரெண்டே நாள்ல தொண்டை திறந்துக்கிருச்சு. நேரா கிரவுண்டுக்குப் போயி 'டேய்ய்ய்'ன்னு ஒரு குரல் விட்டேன். பயலுக அப்படியே உறைஞ்சு போயி நின்னுட்டாய்ங்க. சந்தோஷம். ஒருத்தன் கையில இருந்த பந்தைக் கூட விட்டுட்டான்.

அதுக்கு மறுநாள் காலையிலதான் கேப்டன் யூனுஸும், இன்னமும் எனக்கு ஒத்தாசையா இருக்கிற மொக்கராசும் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாய்ங்க. கையில ஆப்பிள், ஆரஞ்சு, பஸ் டிக்கெட். யூனுஸு நல்ல பையன், மூணாவது வருஷம். இன்னைக்கு நாலு மணிக்கு நடக்குற ஃபைனல்ல ஜெயிச்சா யூனிவர்சிட்டி டீமுக்கு எடுப்பாய்ங்க, விட்டா அம்புட்டுதான், அவனுக்கு வேற வாய்ப்பு இல்ல. 'சார், காதுகுத்துக்கு நீங்க ஒரு நாள் முன்னாடியே போனாத்தான் மரியாதை'ன்னான். என் மக வீட்டு மரியாதையில இவனுக்கு எம்புட்டு அக்கறை பாருங்க. மேட்ச் முடிஞ்சு ராத்திரி போறேன்டான்னேன். 'ராத்திரி பஸ்ஸுல சீட்டே இல்ல சார்'ன்னான் மொக்கராசு. கோயம்புத்தூர் பஸ்ஸு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு காலியாப் போகுது தம்பி, நீங்களே பாருங்க, இந்த பஸ்ஸுலயே பாதி சீட்டு சும்மா கிடக்கு. ராசிக்குப் பயந்துதானடா என்னைய நாடு கடத்துறீங்கன்னு கேட்டேன். யூனுஸு பொசுக்குன்னு கால்ல விழுந்துட்டான். 'சார், இந்த ஒருவாட்டி சார்'னு அழுகுறான். என்ன செய்யச் சொல்றீங்க? நான் பெத்த பையனா இருந்தா ரெண்டு போட்டிருப்பேன். இவன் என் டீமு.

ஆனா நான் சும்மா கிளம்பல. ஒரு கண்டிஷன் போட்டேன். மேட்ச்சைப் போன்ல எனக்குக் காட்டணும். நான் சொல்றது ஸ்பீக்கர்ல கிரவுண்டுக்கே கேக்கணும். அமெரிக்கக் கோச்சுக்கு மைக்கு, எனக்குப் போனு. என்கிட்ட ஆடுன பழைய பயலுக பத்துப் பேரு அதுல சேர்ந்து பார்ப்பாய்ங்களாம், குரூப் காலாம். மொக்கராசு 'கண்டிப்பா சார், நானே பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்'னான். தங்கமான பய.

இந்தா, வந்திருச்சு! பிடிங்க தம்பி, ஆடாம பிடிங்க. எந்த இடத்துல அமுக்கணும்? ஆங். கிரவுண்டு தெரியுது. டேய் மொக்கராசு! கேக்குதாடா? கையைத் தூக்கிக் காட்டுறான், கேக்குதாம். என்னமோ ஒரு கட்டத்துல எழுத்தா வருது. என் கண்ணாடி, மேல வச்ச பெட்டியில கிடக்கு. என்ன தம்பி எழுதியிருக்கு? ஒண்ணுமில்லையா? சரி, போயிருச்சு, விடுங்க.

டேய் இடது! இடதுடா! யூனுஸு, குடு! குடுக்காத! கண்டக்டர் சார், கோவிச்சுக்காதீங்க, ஃபைனலு. அட, வலது பக்கம் போறான் பாருங்க, சொல்லச் சொல்ல! பின்னாடி வாடா! எவனாச்சும் கேக்குறானா? அந்தாளு காலேஜுல மைக்கு மாட்டி விட்டாய்ங்க, இங்க ஸ்பீக்கர்ல போட்டும் கேக்க மாட்டேங்கிறாய்ங்க.

ஆஃப் டைம். ஒண்ணுமில்ல, சைபருக்கு சைபர். கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி. திண்டுக்கல் தாண்டிட்டமா? நான் பார்க்கவே இல்ல.

ஆரம்பிச்சிட்டாய்ங்க. இடது! நான் முப்பத்தோரு வருஷமா இடதுங்கிறேன். யூனுஸு, நில்லு! நில்லுடா! ஐயோ, தனியாப் போறானே! குடுடா, இடதுல ஆளு நிக்கிறான்! டேய்... டேய்... கோலு! கோலு தம்பி! பார்த்தீங்களா? வலது மூலையில கொண்டுபோயி வச்சான் பாருங்க! நான் இடதுன்னேன், எதிர் டீம் பயலுக இடது பக்கம் சாஞ்சாய்ங்க, இவன் வலதுல அடிச்சிட்டான். என் பேச்சு எப்படி வேலை செய்யுது பாருங்க!

என்ன தம்பி சிரிக்கிறீங்க? இல்ல, சிரிச்சீங்க. ஆமா, நானும் அப்போ இருந்து பார்க்குறேன், இந்த மைக்கு படத்து மேல குறுக்கால ஒரு கோடு இருக்கே, அது என்ன?

நம்ம சத்தம் போகாதா?

எப்போ இருந்து?

அப்ப அந்த எழுத்து... என்ன எழுதியிருந்துச்சு? மறைக்காம சொல்லுங்க தம்பி. 'மொக்கராசு உங்களை மியூட் செய்துள்ளார்.' அதைப் படிச்சிட்டுத்தான் ஒண்ணுமில்லைன்னீங்களா? நீங்களும் நல்ல மரியாதைக்காரர்தான்.

அம்மையில படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். தொண்டை கட்டிக்கிட்டு நின்னேன். காது கேட்டுச்சு சார்னு அன்னைக்கே சொன்னான் அந்தப் பய, பத்தாவது படிக்கிறப்பவே. நான் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அப்புறம் இத்தனை வருஷமா எல்லாரும் ராசின்னு சொன்னாய்ங்க தம்பி. பிசிக்ஸ் படிச்சவரு கூட ராசின்னாரு. தொண்டைன்னு ஒருத்தன் கூட என்கிட்டச் சொல்லலையே. என் மனசு நோகக்கூடாதுன்னு பழியைத் தூக்கி ராசி மேல போட்டு வச்சிருக்காய்ங்க.

வேண்டாம். கையை எடுங்க. அந்தக் கோட்டைத் தொடாதீங்க தம்பி, அது அப்படியே இருக்கட்டும். இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு.

இல்ல, கத்தாம என்னால இருக்க முடியாது. நீங்க காதைப் பொத்திக்கங்க. டேய் யூனுஸு! இட... இல்லடா. உன் இஷ்டத்துக்குப் போ. எங்கிட்டுத் தோணுதோ அங்கிட்டுப் போ. நீ போடா ராசா.

ஊதிட்டான்! விசில் ஊதிட்டான்! பாருங்க, பாருங்க தம்பி, யூனுஸு கப்பைத் தூக்குறான்! நான் பார்த்துட்டேன். பெருசா இருக்கு, நான் சின்னதுன்னு நினைச்சேன். எல்லாரும் இங்கிட்டு ஓடி வாராய்ங்க. மொக்கராசு போனை நாற்காலியில வைக்கிறான். எதுக்குடா வைக்கிற? கையெடுத்துக் கும்பிடுறான். பின்னாடி எவனோ தண்ணிக் கேனைத் தூக்கியாரான். டேய், போனுடா! உன் போனுடா அது, கிறுக்குப் பயலே, கெட்டுப் போயிரும்! ஊத்துறான் தம்பி. போன் மேலயே ஊத்துறாய்ங்க, ஒரு கேனையும்...

கட்டாயிருச்சு.

துண்டு ஏதும் வச்சிருக்கீங்களா தம்பி? மொகம் பூரா நனைஞ்சு போச்சு.